பூர்போன் தீவில் ஒரு புதுச்சேரி மாளிகை

நன்னூலார் மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாகக் கருத்தாவைக் கூறினார். அக்கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகைப்படுத்தி ஆசிரியர் மாணாக்கர்க்கு விளக்குவது நெடுநாளைய வழக்கம். கோயில் அரசனால் ஆயிற்று என்பது ஏவுதல்; அதே கோயில் தச்சனால் ஆயிற்று என்பது இயற்றுதல். இரண்டும் வழாநிலையே. ஆயினும், வரலாறு எழுதப் புகுந்தோர் கையில் முன்னதே பெரிதும் வாழ்கின்றது; பின்னது பள்ளிக்கூடத்துச் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிடுகின்றது.

திருவள்ளூரினின்று திருத்தணிகைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த நம் கனகம்மாசத்திரம் ஓர் அம்மையாரின் பெயரையும் ஒரு கட்டடத்தின் பெயரையும் சேர்த்துத் தன் பெயராகக் கொண்டுள்ளது. இவ்வூர்ப் பெயரைச் சொல்லுந்தோறும் ஏவுதற் கருத்தாவையே நாம் வாழ்த்துகின்றோம். சுண்ணாம்பு அரைத்தவரையும் சாரம் ஏறினவரையும் எந்த ஊர்ப் பெயரும் சுமப்பதில்லை. பெருவேந்தனாகிய முதலாம் இராசராசன் மட்டும், தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில், குஞ்சரமல்லனாகிய இராசராசப் பெருந்தச்சனுக்கும் இடங்கொடுத்தான். அத்தகைய பெருந்தன்மை நம் நாட்டிலும் அருகிய காட்சியேயாம். நெடுநல்வாடையில் நூல் பிடித்துத் திசை குறித்து அரண்மனை வகுத்த செய்தி வருகின்றது. நூல் பிடித்தவர் பெயர் வரவில்லை. ஆதலின், இக்குறையைப் பிறநாட்டார்மேல் மட்டும் ஏற்றுதல் நேர்மையாகாது.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, கடல் கடந்த நாட்டிலுள்ள ஒரு தோட்ட மாளிகையை இத்திங்கள் நம் அன்பர்க்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். அம்மாளிகை நிற்பது இந்துமாக்கடலின் தென்மேற்கில், மொரீசுத் தீவுக்கு அண்மையிலுள்ள ரெயூனியன் தீவில். அத்தீவைப் பிரெஞ்சுக்காரர் முன்னாளில் பூர்போன் என்று வழங்கினர். அவ்வளவு தொலைவிலுள்ள வீடு நமக்கு என்ன உறவு என்று கேட்பார்க்கு விடை இரண்டு. அவ்வீட்டின் உருவம் நம் கரையிலுள்ள புதுச்சேரியினின்று சென்றது என்பது ஒன்று. அவ்வீட்டைச் சுற்றியிருந்த கரும்புக் காடுகளிலும் அவைபோன்ற பிற தோட்டங்களிலும் வேர்வை சிந்தினோருள் பல்லாயிரவர் நம் மொழி பேசியோர் என்பது மற்றொன்று.

தீவின் மேற்குப் புறத்தில், சேன்-போல் என்னும் ஊரின் எல்லைக்குட்பட்ட சேன்-ழீல் மேட்டு நிலத்தில், கடலை நோக்கிய சரிவில் அம்மாளிகை உள்ளது. 1787-ம் ஆண்டை ஒட்டி அதனை அமைப்பித்தவர் ஆன்றி பொலேன் பனோன் தெபாசேன் என்னும் பெருந்தோட்டக்காரர். அவர் 1732-ல் அத்தீவிலேயே பிறந்தவர். இளமையில் இந்தியாவில் நடந்த போர்களில் பிரெஞ்சுப் படையோடு இருந்தவர். அக்காலம் இன்னதென்று நம் பக்கத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1758-ல் லாலி என்னும் தளபதி புதுச்சேரியில் வந்திறங்கினான். அவ்வாண்டிறுதியில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டான். 1760-ம் ஆண்டு சனவரியில் வந்தவாசியில் தோற்றான். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகி இடிக்கப்பட்டது. ஆற்காட்டுச் சீமை முழுவதும் படைகளின் காலடியிற் கிடந்த நாட்கள் அவை. போர் பொய்த்தது. ஆயினும் போருக்கு வந்தவர் சிலர் கண்ணில் நம் கரையோரத்து வெண்சுதை மாளிகைகள் நின்றுவிட்டன.

புதுச்சேரி வீட்டின் இயல்பு என்ன? தெருவுக்கு நேரே திரண்ட தூண்கள், தூண்களுக்குப் பின் ஆழ்ந்த தாழ்வாரம், உயர்ந்த கதவுகள், மேலே ஓடு வேயாத மொட்டை மாடி, மாடியின் விளிம்பில் கைப்பிடிச் சுவர். பிரெஞ்சுக்காரர் கொணர்ந்தது தூணின் அளவும் முகப்பின் ஒழுங்கும். வெயிலுக்குத் தாழ்வாரமும், இரவுக் காற்றுக்கு மொட்டை மாடியும், கல்லுக்கு நிகராய் இறுகும் சுதைப் பூச்சும் இந்நாட்டுக் கொத்தர் நெடுங்காலமாகப் பயின்றவை. துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் புதுவையில் உள்ளது. அதன் கீழ்நிலையில் மரத்தூண்கள் சூழ்ந்த நம் நாட்டு முற்றமும், மேல்நிலையில் ஐரோப்பியர் மரபில் வந்த சுதைத்தூண்களும் காணப்படும். இரு மரபும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தன என்று சொல்லலாம்.

தெபாசேன் அமைப்பித்த வீடும் இவ்வகையினதே. இரண்டு நிலை, சமச்சீரான முகப்பு, நடுவில் கீழும் மேலுமாக இரண்டடுக்குத் தூண் தாழ்வாரம், உள்ளே நடைவழியின்றி ஓர் அறையினின்று மற்றோர் அறைக்கு நேரே திறக்கும் கதவுகள், தலைக்குமேல் தட்டைத் தளம். தீவின் எரிமலை தந்த கருங்கல்லும், கடலோரத்துப் பவளப் பாறையைச் சூளையிலிட்டு நீற்றிய சுண்ணாம்பும் அங்குக் கட்டட வேலைக்கு உரிய பொருள்கள். நம் கரையில் கிளிஞ்சல் சுட்டோம். அவர்கள் பவளம் சுட்டார்கள். சமையற்கட்டு தனியே விலகி நிற்கின்றது. தீக்கு அஞ்சியும், புகைக்கு அஞ்சியும், ஏவலாளர் எப்பொழுதும் கண்ணெதிரே இருத்தல் வேண்டா என்னும் எண்ணத்தாலும் குடியேற்ற நாட்டுச் செல்வர் அவ்வாறே செய்தனர்.

தளத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறுவோம். இம்மாளிகையின் உயிர் அதிலேதான் உள்ளது. அத்தீவார் அதனை அர்கமாஸ் என்பர். சாந்து என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லினின்று வந்த பெயர் அது. பெயர் போர்ச்சுகலுடையது, செய்முறை இந்தியக் கரையுடையது. மர உத்திரங்களின் மேலே சுண்ணாம்பும் மணலும் செங்கற்பொடியும் கலந்த கலவையைப் பரப்பி, இடித்து, இறுக்கி, நீர் புகாதபடி மெழுகுவது இதன் சுருக்கம். சர்க்கரை, முட்டை, தயிர் முதலியனவும் கலவையிற் சேர்வதுண்டு.

இதனைப் படித்தவுடனே நம் அன்பர்க்கு மெட்ராஸ் ஒட்டு நினைவுக்கு வந்திருக்கும். பழைய சத்திரங்களிலும் கச்சேரிகளிலும் அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரங்களுக்கு மேலே சிறு செங்கற்கள் சாய்வரிசையாகக் குத்திட்டு நிற்கும். அவற்றின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவர். பெண்டிர் வரிசையாகக் குந்தி மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடிப்பர். அடிக்குந்தோறும் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லம் கரைத்த நீரும் தெளிப்பர். கட்டை துள்ளி எழும்பும் பதம் வரும்வரை அடி நிற்காது. அதன்பின் தட்டோடு பதித்துப் பூசுவர். சிமிட்டியும் இரும்புக் கம்பியும் வந்தபின் இவ்வித்தை அருகிற்று. பழைய தளத்தைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பது இப்பொழுது அரிது. நூறாண்டு ஒழுகாத தளத்தை இடித்துவிட்டு முப்பதாண்டில் ஒழுகும் தளம் போடுவதை முன்னேற்றம் என்பாரோடு நாம் வழக்காட வரவில்லை.

இவ்வித்தை தீவுகளுக்குச் சென்ற வழியும் தெரிந்ததே. 1735 முதல் 1746 வரை மொரீசு, பூர்போன் ஆகிய இரு தீவுகளையும் ஆண்ட லபூர்தொனே என்பவன் புதுச்சேரியினின்று கொத்தர், தச்சர் முதலிய தொழிலாளரை வரவழைத்து மொரீசின் போர்லூயி துறைமுக நகரைக் கட்டினான். 1746-ல் கடற்படையோடு வந்து சென்னையைக் கைப்பற்றியவனும் இவனே. கட்டுதற்கும் இடித்தற்கும் ஒருவனே புறப்பட்டது அக்காலத்து விந்தை. அத்தொழிலாளர் சம்பளத்துக்குச் சென்றோர். ஆனால், சம்பளமின்றிச் சென்றோரும் உண்டு. வறட்சியிலும் போரிலும் விற்கப்பட்டோரும், ஏய்த்துப் பிடிக்கப்பட்டோரும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஆள் பிடித்துக் கப்பலேற்றிய கொடுமையை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். மாளிகைகளுக்கு உருவம் அனுப்பிய துறைமுகமே அடிமைகளையும் அனுப்பியது.

மாளிகையின் தலைவியை இனிக் காண்போம். ஒம்பிளீன் என்னும் அம்மையார் 1755-ல் பிறந்து, 1770-ல் தெபாசேனை மணந்து, 1800-ல் கைம்பெண்ணாகி, 1846-ல் இறந்தார். கணவர் மறைந்தபின் நாற்பத்தாறு ஆண்டுகள் அவரே தோட்டத்தை ஆண்டார். நானூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் அவர் உடைமையாக இருந்தனர். முதலில் பருத்தியும் காப்பியும் விளைந்தன. 1806, 1807-ம் ஆண்டுகளின் புயலும் வெள்ளமும் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்தபின், தோட்டக்காரர் மெல்ல மெல்லக் கரும்புக்கு மாறினர். மாளிகைக்கு அணித்தே ஆலை எழுந்தது. ஒருபுறம் அடிமைகளுக்கென ஒரு மருத்துவமனையும் கல்லால் கட்டப்பட்டது. அம்மருத்துவமனைக் கட்டடம் இன்றும் உள்ளது; ஆலை சிதைந்து கிடக்கின்றது; அடிமைகள் வாழ்ந்த புல்லும் ஓலையுமான குடில்களில் ஒன்றேனும் இல்லை. தலைவி 1841 முதல் 1843 வரை கட்டுவித்த கூர்முனைச் சிற்றாலயமும் உள்ளது. 1932-ம் ஆண்டுப் புயலில் அது சிதைந்து மீண்டும் எடுக்கப்பட்டது. அவ்வம்மையாரின் உடலும் பின்னாளில் அங்கேயே வைக்கப்பட்டது.

அம்மையாரைப் பற்றி இருவேறு புகழ் வழங்குகின்றன. அதிகாரிகளும் விருந்தினரும் அவரை ஏழைகளின் தாய் என்றும், தீவின் இரண்டாம் தெய்வத்துணை என்றும் ஏத்தினர். அடிமைகளின் வழித்தோன்றல்கள் வழங்கும் கதை வேறு. அவர் கொடுமைக்காரி, இறந்தபின் தீவின் எரிமலைக்குள் வெந்துகொண்டிருக்கின்றார், மலை தீக்கக்கும்போது அவர் அலறல் கேட்கும் என்பர். இவ்விரண்டில் எது மெய் என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. விருந்தினர் முகப்புத் தாழ்வாரத்தில் அமர்ந்து எழுதினர். மற்றையோர் பின்புறத்தினின்று பேசினர். ஒன்று மட்டும் திண்ணம். மனிதரை உடைமைப் பட்டியலில் எழுதி வைத்திருந்த வீட்டில், தலைவியின் குணம் நன்றாயினும் தீதாயினும் அப்பட்டியல் மாறுவதில்லை.

அப்பட்டியல்களில் நம்மவர் உற்று நோக்கத்தக்க ஒரு கட்டம் உண்டு. அடிமைக்கு ஒரே ஒரு பெயர் எழுதுவர், குடிப்பெயர் இல்லை. பெயருக்கு அடுத்து வயது, வேலை. இவற்றோடு சாதி என்று ஒரு கட்டம். ஆம், சாதி என்ற பொருளில் ஐரோப்பியர் வழங்கும் அதே சொல்தான். ஆனால் அங்கே அதற்குப் பொருள் பிறந்த நாடு. தீவிற் பிறந்தவர் ஒரு சாதி. மடகாசுகரினின்று வந்தவர் ஒரு சாதி. ஆப்பிரிக்கக் கரையினர் ஒரு சாதி. இந்தியர் அல்லது மலபார் என்பவர் ஒரு சாதி. சோழமண்டலக் கரையினின்று சென்றவரையும் மலபார் என்றே எழுதினர். தமிழரை அப்பெயரால் அழைப்பது அக்கால ஐரோப்பியர் வழக்கம். இங்கே குலத்துக்கொரு தெருவும் தெருவுக்கொரு கிணறும் வைத்திருந்தவர் அனைவரும், கப்பல் நங்கூரம் பாய்ச்சிய அன்றே எழுத்தன் ஒருவனின் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். குலவரலாறு ஆராயும் பத்திரிகையில் இதனை எழுதுவது பொருந்தாதே என்று யாரேனும் எண்ணலாம். நம் எண்ணமோ, இங்கன்றி வேறெங்கும் இது இத்துணைப் பொருந்தாது என்பதே. நம் வமிசாவளிகளில் கிளை முறிந்து நிற்கும் இடங்கள் சில உண்டு. கடன்பட்டோ பஞ்சத்திலோ காணாமற்போனான் என்று ஒரு வரியோடு முடியும் இடங்கள். அம்முறிந்த கிளைகள் பல இத்தகைய பட்டியல்களில் வேறு பெயரோடு தொடர்கின்றன.

தெபாசேன் குடும்பம் புதுச்சேரியோடு கொண்ட தொடர்பு வீட்டின் உருவத்தோடு முடியவில்லை. மகள் ஒருத்தி ழோசேப் தெ வில்லேல் என்பவரை மணந்தாள். அவர் பின்னர்ப் பிரான்சு நாட்டின் தலைமை அமைச்சரானார். அவர் தம்பியும் இக்குடும்பத்திலேயே பெண் கொண்டார். அவர் வழியினரிடம் சேர்ந்தமையால் மாளிகைக்கு வில்லேல் என்ற பெயர் நிலைத்தது. அம்மையாரின் பேரர் எழேன் தெபாசேன் தெ ரிஷ்மோன் 1826 முதல் 1828 வரை புதுச்சேரியின் ஆளுநராயிருந்தார். புதுவையில் இன்றுமுள்ள பொது நூலகம் அவர் காலத்தில், 1827-ல் தோன்றியது. அதற்காக அவரை வாழ்த்துவோம். அவர் ஆட்சியின் இறுதியாண்டாகிய 1828-லேயே ஏனாமினின்று தெலுங்கு பேசும் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பூர்போனுக்குக் கப்பலேறினர். பாட்டியார்க்கு வேலையாள் தேவை. பேரர் ஆள்வது ஆள் நிறைந்த கரை. குடும்பமும் அரசும் இவ்வளவு அணுக்கமாக இருந்தால் வணிகத்துக்கு வேறென்ன வேண்டும்! அம்முதல் முயற்சி நிலைக்கவில்லை என்பது வேறு.

நிலைத்தது பின்னர். 1848-ம் ஆண்டு திசம்பர் 20-ம் நாள் சர்தா கரிகா என்னும் ஆணையர் தீவில் அடிமை முறையை ஒழித்தார். 60,000-க்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். அவர்கள் விட்டு நீங்கிய கரும்புக் கொல்லைகளுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் தேடிய தோட்டக்காரர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் முகவரை வைத்தனர். 1861-ம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட மாவட்டங்களிலும் ஆள் சேர்க்க வழி திறந்தது. கூலிகள் துன்புறுத்தப்படுவதாக முறையீடுகள் பெருகவே, 1882-ல் ஆங்கிலேய அரசு அவ்வழியை அடைத்தது. அதற்குள் லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அத்தீவு சேர்ந்துவிட்டனர். அவருட் பெரும்பான்மையர் தமிழர். நம் வடவாற்காட்டுச் சீமையார் மிகுதியாகச் சென்றது ஆப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு; அது தனியே எழுதத்தக்க பெருங்கதை.

அத்தீவின் தமிழ் வழியினரை இன்றும் மல்பார் என்றே அழைக்கின்றனர். பட்டியலில் இழிவாய் எழுதப்பட்ட சொல்லை அவர்களே தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். பிரெஞ்சு எழுத்தர் தம் காதிற் பட்டவாறு எழுதிய தந்தை பெயர்கள் குடிப்பெயர்களாயின. ராமசாமி, முத்துசாமி, வீராப்பிள்ளை என்பன அங்கே தலைமுறை தலைமுறையாக மாறாத குடிப்பெயர்கள். தோட்டங்களில் சிறு கோயில்கள் எழுந்தன. தீமிதி இன்றும் நடைபெறுகின்றது. பாஞ்சாலியை அவர்கள் பண்டியாலே என்பர். முருங்கைக் கீரை அங்கே முருங் எனப்படும். நம் ஊறுகாயே அவர்களுடைய ருகாய் என்னும் தொடுகறிக்குப் பெயர் தந்தது என்பர் அறிஞர். தமிழ் பேசும் வழக்கு பெரும்பாலார் வீடுகளில் ஒழிந்துபோயிற்று. அடுக்களையிலும் கோயிலிலும் மட்டும் சில சொற்கள், கல்லிடுக்கில் தங்கிய விதைபோல் பிழைத்துக் கிடக்கின்றன.

மாளிகை 1970-களில் தீவின் அரசாங்கத்தார் வசமாகி அருங்காட்சியகமாயிற்று. தலைவியின் வாழ்வோடு, அவர் உடைமையாயிருந்த மக்களின் வரலாற்றையும் அங்கே இப்பொழுது எடுத்துரைக்கின்றனர். 1946 முதல் அத்தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாதலின் பிரெஞ்சு நாட்டார் அனைவர்க்கும் அது தம் வரலாறு. வில்லேல் மாளிகையைக் கட்டினவர் தெபாசேன் என்றே வழிகாட்டி நூல்கள் சொல்லும். ஏவுதற் கருத்தாவாகக் கொண்டால் அதில் வழுவில்லை. ஆனால் மூன்றாம் வேற்றுமைக்கு இன்னொரு கருத்தா உண்டென்பதை அத்தளத்தின் கீழ் நிற்கும் தமிழன் மறவாதிருத்தல் நலம். அத்தீவின் பிற்கால வீடுகளில் பெரும்பாலானவை மரத்தால் ஆகி, மரச் சில்லுகளால் வேயப்பட்டவை. மழையும் புயலும் மிக்க நாட்டில், சோழமண்டலக் கரையின் வெயிலுக்கென அமைந்த மொட்டை மாடியைத் தாங்கி நிற்கும் வீடு கண்ணுக்குத் தனித்தே தோன்றும்.

நம் சங்கத்து அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். திருத்தணிகை, திருவாலங்காடு, கனகம்மாசத்திரம் ஆகிய ஊர்களைச் சுற்றி மெட்ராஸ் ஒட்டுத் தளமுடைய பழைய வீடோ சத்திரமோ சாவடியோ இடிபடாமல் நிற்குமாயின், அதன் நீள அகலமும், உத்திரங்களின் எண்ணிக்கையும், தளம் அடித்த கொத்தர் குடும்பத்தின் பெயரும் தெரிந்தவரை எழுதியனுப்புக. தீவுகளுக்கும் நேட்டாலுக்கும் மலேயாவுக்கும் சென்று திரும்பாத முன்னோர் பெயர் எவர் வீட்டு ஏட்டிலேனும் இருப்பின் அதனையும், சென்ற ஆண்டு தெரிந்தால் ஆண்டோடும், குறித்தனுப்புக. வந்தவற்றை வரும் இதழ்களில், அனுப்பினவர் பெயர் வேண்டாவெனின் பெயரின்றியும், வெளியிடுவோம்.